அப்புவுக்குத் துரை குடுத்த கதிரை

அந்தக் கதிரையைச் சுத்திக் கயிறு கட்டி வைச்சிருக்கிறாங்கள். மகள் இருக்கிற நாட்டில, ஒரு நூதனசாலையில. கீழ மேடை, மேல வெளிச்சம், பக்கத்தில ஒரு அட்டை. மகள் வாசிச்சுச் சொன்னா: மெல்லிசான பலகைகளை ஒட்டி, சூடாக்கி வளைச்சுச் செய்ததாம், அந்தக் காலத்துப் புது வடிவமாம், ஒருத்தரும் இருக்கக்கூடாதாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "இது எங்கட அப்புவின்ர கதிரை" எண்டன். மகள் "ஓம் அம்மா" எண்டு சிரிச்சா. சிரிக்க இதில என்ன கிடக்கு?

அதே கதிரை இல்லைத்தான். ஆனால் அதே வளைவு, அதே இரும்புக் கால். அறுபதுகளில ஊரில, அக்கராயனுக்கு அங்கால ஒரு சின்னக் குளத்துக்குக் கீழ எங்களுக்குக் காணி கிடைச்சது. வாய்க்கால் வெட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் துரைக்கு என்ர தகப்பன், அப்பு, அளவுச் சங்கிலி பிடிச்சவர். இரண்டு வருசம், காடு, முள்ளு, மலேரியாக் காய்ச்சல். துரை போகேக்க தன்ர கதிரையை அப்புவிட்டைக் குடுத்திட்டுப் போனார். அதில இருந்து சாய்ஞ்சால் முதுகுப் பலகை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். அப்பு முதல் நாள் பத்துத் தரம் சாய்ஞ்சு பாத்தார். அம்மா, "போதும், முறியப் போகுது" எண்டு சத்தம் போட்டா.

நாங்கள் குறைஞ்ச சாதி. காணி எல்லாருக்கும் ஒரே அளவுதான், அரசாங்கம் குடுத்தது. ஆனால் சிறுபோகத்துக்குத் தண்ணி பங்கிடுற கூட்டம் பாலை மரத்தடியில நடக்கேக்க மற்றவைக்கு இருக்க நீட்டுப் பலகை வாங்கு, எங்கட ஆக்களுக்கு நிலம். கீழ இரு எண்டு ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். "வாங்கில இடமில்லை" எண்டுதான் சொல்லுவினம். இரண்டு பேர்தான் இருப்பினம், அப்பவும் இடமில்லை. மரியாதையான ஆக்களல்லோ!

அந்த வருசக் கூட்டத்துக்கு அப்பு கதிரையைச் சைக்கிளில கட்டிக்கொண்டு போனார். மரத்தடியில இறக்கி வைச்சு, அதில இருந்தார். தண்ணி பாக்கிற விதானையார், "என்னடா, துரை வந்திட்டாரோ?" எண்டு கேட்டார். அப்பு சொன்னார்: "வாங்கில இடமில்லை எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுறியள். அதுதான் என்ரையைக் கொண்டந்தனான்."

அண்டைக்கு அப்பு வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். நானும் சிரிச்சன்.

பிறகு எங்கட வயலுக்குத் தண்ணி வரேல்லை.

முதல் முறை வரேல்லை. "குளத்தில தண்ணி காணாது" எண்டார் விதானையார். எங்கட வரம்புக்கு மற்றப் பக்கத்தில தண்ணி தளும்பிக்கொண்டு நிக்குது! இரண்டாம் முறையும் வரேல்லை. நெல்லு கதிர் வரக் குடலை தள்ளுற நேரம். இலை சுருண்டு, நிலம் பாளம் பாளமா வெடிச்சிட்டுது. வாய்க்கால் காவல்காரன் வந்து அம்மாவிட்டைச் சொன்னான்: "கதிரையை விதானையார் வளவில கொண்டுபோய் வை. தண்ணி தன்பாட்டில வரும்."

அப்பு, "நெல்லுச் செத்தால் சாகட்டும்" எண்டார். அவருக்குச் சொல்லலாம். உலையில போட அம்மாவிட்டை என்ன கிடந்தது? அவ என்னைப் பாத்தா. எனக்குப் பதினைஞ்சு வயசு. அடுத்த நாள் மத்தியானம் அப்பு காட்டுக்கு விறகுக்குப் போன நேரம், கதிரையைத் தலையில தூக்கிக்கொண்டு நடந்தன். வழியில ஒரு இடத்திலயும் இறக்கேல்லை.

விதானையார் பெண்சாதி விறாந்தையில நிண்டா. "ஏறாத, ஏறாத! அதை மாட்டுக் கொட்டிலில போடு" எண்டா. நான் அதைத் தலையில வைச்சபடியே நிண்டன். "பின்னை? உன்ர அப்பன் இருந்ததில இனி இஞ்ச ஆர் இருக்கிறது?" எண்டு கேட்டா.

பாழ்படுவார்! அவைக்குக் கதிரை தேவையில்லை. அப்புவிட்டை அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சாணியில வைச்சிட்டு வந்தன். நான் திரும்பேக்க ஒரு கோழி அதில ஏறி நிண்டது. கோழி இருக்கலாம்.

அடுத்த நாள் விடிய வாய்க்கால் நிறையத் தண்ணி. அப்பு வயலுக்கை நிண்டு தன்ர காலைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார்.

"ஆர் கொண்டுபோனது?"

"நான்தான் அப்பு."

அடிச்சிருக்கலாம். ஏசியிருக்கலாம். "அந்த வரம்பைக் கட்டு, தண்ணி வெளியால போகுது" எண்டு மட்டும் சொன்னார்.

நெல்லு விளைஞ்சது. நாங்கள் எல்லாரும் வயிறாரத் திண்டம், அப்புவும்தான். அடுத்த கூட்டத்துக்கு நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனன். வாங்கில மூண்டு பேர் இருந்தினம். அப்பு நிலத்தில இருந்தார். என்னைக் கண்டிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அந்த விதானை செத்து எத்தினையோ வருசம். எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை. அவனில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. தூக்கிக்கொண்டு போன இந்தத் தலையிலயும்தான்.

நூதனசாலையில நிண்டு நிண்டு எனக்குக் கால் கடுத்துப்போச்சு. மகள் சுவரோரம் இருந்து கூப்பிட்டா.

"அம்மா, ஏன் அங்க நிக்கிறியள்? இஞ்ச வாங்கில இடமிருக்கு, வந்து இருங்கோ."

நான் போகேல்லை. கயித்துக்கு இஞ்சால நிலத்தில இருந்திட்டன்.