மனோ அக்காவின் சைட்காரில் நான் பாரம்

மனோ அக்கா போய்விட்டார்.

இன்று விடியச் சுன்னாகத்திலிருந்து அவருடைய தம்பியின் மகள் ஃபோன் எடுத்தாள். நித்திரையிலேயே போய்விட்டாராம்... சத்தமே இல்லாமல்.

என்னால் நம்பவே முடியவில்லை. மனோ அக்கா எந்தக் காலத்தில் சத்தமில்லாமல் ஒரு இடத்துக்குப் போனவர்?

எழுபதுகளில் மயிலிட்டிப் பக்கம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், "ஆ, எங்கடை கணக்கு ரீச்சர்!" என்பீர்கள். நானும் அவரும் அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். இருவருக்கும் வீடு சுன்னாகத்தில்.

சின்ன வயதில் வந்த போலியோவால் அவருக்கு இடது கால் சூம்பியிருந்தது. ஊன்றுகோலோடு பஸ்ஸில் ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் கண்டக்டருக்குப் பொறுக்காது.

"பின்னாலை வாற பஸ்ஸிலை வாங்கோ ரீச்சர்... றைற்!"

பின்னால் வருவது எப்போது வரும் என்று அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் அதிபர் கூப்பிட்டார். "இனியும் பிந்தினால் வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எழுதவேண்டி வரும் பிள்ளை. உம்மடை நன்மைக்குத்தான்."

நன்மையாம்! அந்த வருடம் அரசாங்கச் சோதனை எடுக்க இருந்த அவருடைய வகுப்பு முழுக்கக் கடற்தொழிலாளிகளின் பிள்ளைகள். கணக்குப் படிப்பிக்க வேறு ஆளே இல்லை. அக்கா போனால் அதுகளின் பாடு அம்போதான்.

"நான் உந்தப் பிள்ளையளை விட்டிட்டுப் போகமாட்டன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு மல்லாகத்துக்குப் போனார். அங்கே ஓய்வு பெற்ற ஓவசியர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் ஒரு மோட்டார் சைக்கிள்... உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டியது. சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. புதுசு இறக்குமதி இல்லாத காலம். கிடைத்ததைத்தான் வாங்கவேண்டும்.

"தம்பிக்கோ பிள்ளை?"

"இல்லை ஐயா."

"அப்ப மாப்பிள்ளைக்கு! சீதனத்திலை கேட்டவையோ?"

"எனக்குத்தான் ஐயா. ஓடுறதுக்கு."

ஓவசியர் அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

"விழுந்து கிடந்தால் ஆர் பிள்ளை தூக்கிறது?"

"அது விழாது. பக்கத்திலை ஒரு பெட்டி பூட்டப்போறன்."

கணக்கு ரீச்சர் எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்! இடப்பக்கம் ஒரு சைட்கார் பூட்டினால் வண்டி தானாக நிற்கும், கால் ஊன்றத் தேவையில்லை. உதைத்து ஸ்ரார்ட் பண்ணவும் கியர் போடவும் நல்ல கால் போதும். இடது காலால் மிதிக்கிற பிரேக்கை மட்டும் கைக்கு மாற்றவேண்டும். சுன்னாகத்துக் கராச்சில் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் செய்து கொடுத்தார்கள்.

பெட்டியை ஒரு மாணவனின் தகப்பன் செய்து தந்தார். மயிலிட்டியில் மீன்பிடி வள்ளம் கட்டுகிறவர். அவருக்குத் தெரிந்தது வள்ளம்... ஆகவே சைட்காரும் முன்பக்கம் கூராக, நீலப் பெயின்ற் அடித்த ஒரு குட்டி வள்ளமாகவே வந்து சேர்ந்தது.

அக்காவின் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். "ஊர் சிரிக்கும் அக்கா."

"சிரிக்கட்டும். என்னைப் பஸ்ஸிலை ஏத்தாத ஊர்தானே."

முதல் நாள் தனியாகவே போனார். மணி அடிக்கமுன் வந்து இறங்கினார். பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று ஒரே கூத்து.

திரும்பி வரும்போதுதான்... காங்கேசன்துறை வீதிக்கு இடப்பக்கம் திருப்ப, வெறும் பெட்டி அந்தரத்தில் எழும்பிவிட்டது. வண்டியும் அக்காவும் நேரே வெங்காயத் தோட்டத்துக்குள்.

பின்னேரம் அதே வண்டியில் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். முழங்கையில் காயம். சேலை முழுக்கச் செம்மண். இத்தோடு விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பெட்டிக்குப் பாரம் காணாது" என்றார். "நாளைக்கு நீயும் வாறாய்."

"நானோ? என்னத்துக்கு?"

"பாரத்துக்கு."

துணைக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாரத்துக்காம்! எனக்கு வந்த கோபம்... ஆனாலும் அடுத்த நாள் போய் ஏறினேன்.

நான் அப்போது ஈர்க்குச்சி. என்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பாரம் போதாதென்று என் காலடியில் அரைச் சாக்கு வெங்காயத்தையும் ஏற்றினார். பின்னேரம் அந்தத் திருப்பம் வந்தது.

"இடப்பக்கம் சாயடி!"

கண்ணை மூடிக்கொண்டு, முருகா என்று சாய்ந்தேன். பெட்டியின் சில்லு நிலத்தை விட்டு எழும்பவில்லை.

அதிபர் பிறகு மாற்றக் கதையே எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைச் சோதனை வரைக்கும் கொண்டுபோய் விட்டது மனோ அக்காதான்.

நான் கல்யாணம் முடிக்கும்வரை அந்த வள்ளம்தான் என் இடம். மழையில் நனைந்தோம். சண்டை பிடித்தோம். ஒரு கிழமை முழுக்கக் கதைக்காமலும் போய் வந்திருக்கிறோம்... அப்போதும் திருப்பம் வந்தால் "சாயடி" என்பார். நானும் சாய்வேன்.

என் கல்யாண வீட்டில் பந்தலுக்குள் வந்து கையைப் பிடித்தார். "இனிப் பாரத்துக்கு நான் எங்கையடி போவன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

பிறகு பெட்டியில் ஒரு சாக்கு மணலை ஏற்றிக்கொண்டு ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சாக்கின்மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

செத்த வீட்டுக்குப் போக வழியில்லை. நான் இங்கே வெளிநாட்டுப் பனிக்குள், இரண்டு முழங்காலும் போய்... இப்போது ஊன்றுகோல் என் கையில்.

போயிட்டு வாங்கோ அக்கா.

இடப்பக்கத் திருப்பத்திலை மெதுவா. பெட்டிக்குள்ளை நான் இல்லை.