லூசியா நாளும் அரியதரமும்

சிசிலியில், துறைமுகத்திலிருந்து போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்புக்குப் போகும் அந்தக் கடைத்தெருவை வயதானவர்கள் சுவீடன்காரர் தெரு என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் கப்பலில் வந்த சுவீடன்காரர்கள் அங்கே கயிற்றுக்கடையும் பேக்கரியும் வைத்துப் பிழைத்தார்களாம். தொண்ணூறுகளில் மிஞ்சிக் கிடந்தது பூட்டிய பேக்கரி ஒன்றுதான். அதை வைத்தவரின் பேத்தி சுவீடனிலிருந்து வந்து மறுபடி திறந்தார். மன்னாரிலிருந்து வந்த எனக்கு அவரிடம் வேலை கிடைத்தது; சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவேன்.

வியாபாரம் மட்டும் படுத்துவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்குள் சனம் வராவிட்டால் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சிஞ்ஞோரா சொன்னார். அவருக்கென்ன, விமானம் ஏறினால் வீடு. எனக்கு வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் நின்று என்னத்தைக் கதைப்பது?

டிசம்பரில் புனித லூசியா திருநாள் வந்தது. சிஞ்ஞோராவின் ஊரில் அன்றைக்குக் கோதுமைமாவில் குங்குமப்பூ போட்டுப் பணிஸ் என்கிற பன் சுடுவார்கள். லூசியாவோ சிசிலிப் பிள்ளை. சனம் அடிபட்டு வாங்கும் என்று இருவரும் மாறி மாறி உசுப்பேற்றிக்கொண்டு தட்டுத் தட்டாகச் சுட்டு அடுக்கினோம்.

ஈ காக்கைகூட உள்ளே வரவில்லை. தெரு நிறையச் சனம். எங்கள் வாசலை மட்டும் விலத்திக்கொண்டு போனார்கள். கோபம் உச்சிக்கு ஏற, பக்கத்து இறைச்சிக்கடைக்காரியைப் போய்ப் பிடித்தேன்.

"எங்கட பணிசுக்கு என்ன குறை?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பஞ்சத்தில லூசியா நாளிலதான் இஞ்சை கோதுமைக் கப்பல் வந்தது. அரைக்கப் பொறுக்காமல் அப்பிடியே அவிச்சுத் திண்டவை. அந்த நன்றிக்கு இண்டைக்கு அரைச்ச கோதுமைமாப் பாணோ பாஸ்தாவோ தொடமாட்டம். சோத்துருண்டை பொரிச்சுத் தின்னுவம்."

என் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டு நின்ற சிஞ்ஞோரா அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று இருந்துவிட்டார்.

"அப்ப அரிசி தின்னலாமோ?" என்று கேட்டேன்.

"எவ்வளவும் தின்னலாம்" என்றாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குச் சனத்துக்குக் கொடுக்கவென்று அரியதரத்துக்கு, அதிரசம் மாதிரி எங்கள் ஊர்ப் பலகாரத்துக்கு, மாப் பிசைந்து வீட்டில் வைத்திருந்தேன். அரிசிமாவும் சீனியும்தான், மருந்துக்கும் கோதுமை இல்லை. ஓடிப்போய்ச் சட்டியோடு தூக்கி வந்தேன். சிஞ்ஞோரா மிச்சக் குங்குமப்பூவைப் பாலில் கரைத்து அதில் விட்டுப் பிசைந்தார். வாசலிலேயே அடுப்பை வைத்துப் பொரித்தோம்.

முதல் அரியதரம் இறைச்சிக்கடைக்காரிக்கு. கடித்தாள், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் குரல் விட்டாள்: "அரிசிதான், பயப்பிடாமல் வாங்கோ."

அதற்குப் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. மத்தியானத்துக்குள் சட்டியை வழித்தாயிற்று. வந்தவர்கள் பணிசையும் விடவில்லை; நாளைக்குத் தின்னலாம்தானே என்று கட்டிக்கொண்டு போனார்கள். எனக்குச் சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சிஞ்ஞோரா மாக்கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாற வருசத்துக்கு எவ்வளவு அரிசி ஊறப் போடவேணும்?" என்று கேட்டார்.

வாற வருசம் என்கிறார். எண்ணெய்க் கையோடேயே அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.