மயிலிட்டித் துறைமுகத்தில் காலை வெளிச்சமும் ஒரு சிவப்புப் படகும்

ஒளிப்படக்கலையை நான் எவரிடமும் பயின்றவள் அல்லள். பிழைவிட்டுப் பிழைவிட்டுத் தேர்ந்தவள். அவ்வாறு கற்றதையே நெல்லியடியில் நான்கு மாணவிகளுக்குக் கற்பிக்கிறேன். கடந்த மாசியில், எமது சிறு கண்காட்சிக்கு முந்திய நாள், அவர்களை மயிலிட்டித் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றேன். மூவர் தத்தம் படங்களைத் தெரிவுசெய்துவிட்டனர். தாரணியிடம் மட்டும் சுவரில் தொங்கவிடத் தகுந்த படம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காலையே அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

வாடகை வான் ஒன்றை அமர்த்தி விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அச்சுவேலி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இந்தியாவிலிருந்து கடல் எல்லை தாண்டி மீன்பிடிக்க வந்து கடற்படையிடம் பிடிபட்ட இழுவைப்படகுகள் அங்கே வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. கிழக்கிலிருந்து சாய்ந்து விழுந்த ஒளியில், ஒரு படகின் உரிந்த சிவப்பு வண்ணம் செதில் செதிலாகத் தெரிந்தது. தாரணி குனிந்து, நீரின் பச்சையை அடியிலும் படகின் முனையை ஓரத்திலும் வைத்து எடுத்தாள். திரையைப் பார்த்த நான், "நல்ல வடிவு" என்று உரத்துச் சொல்லிவிட்டேன்.

சற்றுத் தள்ளி அறுந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எது ரீச்சர் வடிவு? என்ரை வலையை அறுத்துக்கொண்டு போனதோ வடிவு?"

இந்தப் படகேதானா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். இருட்டில் நிறம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்றார். மேலும் சிலர் வந்து சூழ்ந்தனர். நிற முரண் பற்றி நான் விளக்கத் தொடங்கியது நிலைமையை மோசமாக்கிற்று.

"ரீச்சருக்கு உந்த நிறம் பிடிச்சிட்டுதாம். வீட்டை கொண்டுபோகட்டும்," என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது, வலைக்காரர் சிரிக்கவில்லை. சாரதி எங்களைக் கெதியாக ஏறச் சொல்லி வானை முடுக்கினார்.

தாரணி ஏறவில்லை. "வலை முழுக்கப் போயிட்டுதோ ஐயா?" என்று கேட்டாள்.

"பாதி மிஞ்சினது. உந்தா கிடக்கு."

அவள் போய்ப் பார்த்தாள். திரும்பிவந்து கமெராத் திரையை அவர் முன் பிடித்தாள்.

"அழிக்கட்டோ?"

"அழி, பிள்ளை."

தடுக்க நீண்டது என் கைதான். அதற்குள் அழித்துவிட்டாள்.

வெயில் ஏறி வெளிச்சம் வெளிறிவிட்டது. மறுநாள் சுவரில் மூன்று படங்களே தொங்கின.

அந்தப் படத்தின் அமைப்பில் பிழை இருக்கவில்லை. இதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். அதை அழித்ததிலும் பிழை இல்லை. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் எவ்வாறு கற்பிப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

செல்ல விரும்புவோருக்கு: வான் வாடகை போய்வர ஒன்பதாயிரம் ரூபா. வாயிலில் அனுமதி பெறுங்கள். கமெராவை உயர்த்துமுன் கரையில் இருப்பவர்களுடன் கதையுங்கள். அவர்கள் சம்மதிப்பதற்குள் சூரியன் ஏறிவிடலாம், ஏறினால் ஏறட்டும்.