கிளெண்டா வாங்கிய இரண்டு சீட் கார்

கிளெண்டா ஆர்மராட் வாழ்நாளில் ஐந்து கார் வாங்கியிருக்கிறாள். நான்கை ஒரே கேள்வி கேட்டுத்தான் வாங்கினாள்: எத்தனை பேர் உட்காரலாம்? நிறம், வேகம், பாட்டுப்பெட்டி எதையும் அவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஐந்து பேர், ஏழு பேர், ஒரு தடவை எட்டுப் பேர். புருஷன் ராய் உயிரோடு இருந்த காலத்தில், "நீ கார் வாங்கலடி, பஸ் வாங்குற" என்பான்.

சொந்தப் பிள்ளை அவர்களுக்கு இல்லை. பெற்றவர்களால் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை உள்ளூராட்சிக் கவுன்சில் அவள் வீட்டில் கொண்டுவந்து விடும். சிலது இரண்டு நாள் இருக்கும், சிலது இரண்டு வருஷம். அப்பன் குடித்துவிட்டுக் கதவை உடைத்த வீட்டிலிருந்து வந்தது, அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க வந்தது, காரணமே சொல்லப்படாமல் வந்தது என்று இருபத்தேழு வருஷத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். வண்டியைக் கிளப்புமுன் நடுக்கண்ணாடியில் தலைகளை எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. தனியாகக் கடைக்குப் போகும்போதும் எண்ணுவாள்.

நாற்பத்து மூன்றாவது பிள்ளை பெத்தனி. மூன்று வயதில் வந்து ஆறு வருஷம் இருந்தாள். ராய் செத்த வருஷம் வீட்டில் இருந்த ஒரே துணை அவள்தான். ஸ்காட்லாந்தில் ஒரு சித்தி இருப்பது தெரிய வந்தது. நல்லவள், வீடு வாசல் உள்ளவள், ரத்த உறவு. கவுன்சில் செய்தது நியாயம்தான், கிளெண்டாவே அப்படித்தான் சொன்னாள். பாதி வழி இவர்கள், பாதி வழி அவர்கள் என்று பேசி, நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில், லாரிகளுக்கு நடுவே பிள்ளையைக் கைமாற்றினார்கள். பெத்தனி அழவில்லை. சித்தியின் காரில் ஏறித் தன் பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டாள். அழுதிருந்தாலாவது தேவலை என்று இருந்தது கிளெண்டாவுக்கு. திரும்பி வரும் வழியில் நூற்றிருபது மைலும் கண்ணாடியில் ஆறு காலி இருக்கைகள் கூடவே வந்தன. வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி, இறங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முடிவு செய்தாள், போதும்.

கவுன்சிலிலிருந்து விலகல் படிவம் தபாலில் வந்தது. ஒரு கையெழுத்து போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மூன்று மாதம் ஆகியும் அது அங்கேயே கிடந்தது. "இனி எந்தப் பிள்ளையும் வேண்டாம்" என்று எழுதி அடியில் தன் பெயரைப் போடக் கை வரவில்லை. பேனாவை எடுத்தால் டீ ஆறிப்போகும், அவ்வளவுதான். பேப்பர்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தது அப்போதுதான். இரண்டு சீட் கார் விற்பனைக்கு, துணிக்கூரை, பதினான்கு வருஷம் ஓடியது, ஒரே ஆள் கையில் இருந்தது.

ஏழு சீட் காரை அந்த வாரமே விற்றாள். தங்கை நோரீன் கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டாள்.

"அறுபத்தோரு வயசுல உனக்கு எதுக்குடி இந்தக் கூத்து? அது தரையோட தரையா இருக்கும். ஏறிட்டா உன்னைக் கிரேன் வச்சுத்தான் தூக்கணும்."

"பெட்ரோல் கம்மியாக் குடிக்கும். இன்சூரன்ஸ் கொஞ்சம்தான், இந்த வயசுல நான் யார் மேலயும் கொண்டுபோய் இடிக்க மாட்டேன்னு அவங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரி சலவை வேலைக்குத் தினம் போய் வர இது போதும்."

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"இல்ல," என்றாள் கிளெண்டா.

விற்றவர் கிளிஃபர்ட் சக்டன், பஸ் டெப்போவில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த மனிதர். காரைத் துடைத்துப் பளபளவென்று கொட்டகையில் நிறுத்தியிருந்தார். கிளெண்டா பளபளப்பைப் பார்க்கவே இல்லை. ராய் வெல்டிங் பட்டறைக்காரன். இந்த மாதிரிக் கார்களைப் பற்றி அவன் சாப்பாட்டு நேரத்தில் திட்டிக்கொண்டே சொன்னது அவளுக்கு அச்சடித்த மாதிரி நினைவிருந்தது. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள துளை வழியாக இறங்கி ஓட வேண்டும். இலை அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்த்தால் புதுக் கார், உள்ளே சல்லடை.

பையிலிருந்து ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்தாள். கடற்கரையில் எப்போதோ ஒரு பிள்ளை வாங்கித் தந்த நண்டுப் பொம்மை. கதவுக்கு அடியில் அதை ஒட்டி ஒட்டி நகர்ந்தாள். துரு ஓட்டையில் பூச்சு வைத்து ஏமாற்றிய இடம் இருந்தால் காந்தம் விழுந்துவிடும். விழவில்லை.

"ஒரு ஜக் தண்ணி குடுங்க கண்ணு," என்றாள். அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான்.

"குடிக்கவா?"

"காருக்கு."

கிளிஃபர்ட் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், பிறகு கொண்டுவந்தார். இடது பக்கத் துளையில் ஊற்றியதும் தண்ணீர் அடியில் தாராளமாக ஒழுகியது. வலது பக்கம் ஒழுகவில்லை. கிளிஃபர்ட்டின் முகம் சிவந்துவிட்டது. வாராவாரம் துடைத்த மனிதர், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் போய்ப் பின்னல் ஊசி ஒன்று எடுத்துவந்து அவரே குத்தினார். கருத்த இலைக்குழம்பு வந்தது, பின்னால் தண்ணீரும் வந்தது.

"அவ ஊசி," என்றார். "என் வீட்டுக்காரி மாஜரி. போன ஜனவரியில போயிட்டா."

"அதனாலதான் விக்கிறீங்களா?"

"எப்பவும் அவதான் பக்கத்துல உக்காருவா. வண்டி ஓட்டத் தெரியாது, ஆனா எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டே வருவா. இப்ப அந்தக் காலி சீட்டப் பாத்துக்கிட்டே ஓட்ட முடியல. அவ்வளவுதான் விஷயம், வண்டில ஒரு குறையும் இல்ல."

ஒரு காலி சீட்தானே என்று கிளெண்டா நினைத்தாள். ஆறு காலி சீட்டோடு நூற்றிருபது மைல் வந்தவளுக்கு ஒன்று என்ன பெரிது. ஆயிரத்து எண்ணூறு பவுண்டுக்கு முடிந்தது. பின்னல் ஊசியையும் கிளிஃபர்ட் கொடுத்துவிட்டார், துளை குத்த.

மறுநாளே கவுன்சில் அலுவலக முற்றத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு வீடு தேடும் வேலையில் இருந்தவள் லோர்னா. பதினைந்து வருஷப் பழக்கம். படியில் நின்று பார்த்துச் சிரித்தாள்.

"என்ன கிளெண்டா, யாரோட ஓடிப்போகப் போறீங்க?"

"ஃபைலை எடு. என் பேருக்கு நேரா எழுது, காரில் ரெண்டே சீட். எனக்குப் போக மிச்சம் ஒண்ணு, அதுல என் காய்கறிப் பை உக்காரும். எழுதிட்டியா?"

"படிவத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பினா சரியாப் போச்சு."

"இதுதான் என் கையெழுத்து," என்று காரின் மூக்கைத் தட்டினாள். லோர்னா சிரிப்பை விட்டுவிட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தக் கார் அவளுக்கு நல்லது செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலை ஆறரைக்கு மேட்டுநிலச் சாலையில், கூரையை மடக்கிவிட்டு, காலடியில் ஹீட்டரும் தலையில் கம்பளித் தொப்பியுமாகப் போவாள். எதிரே அதே மாதிரிக் கார் வந்தால் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்குவான். அந்தக் கார்க்காரர்களிடையே அது வழக்கம், யார் எவர் என்று பார்ப்பதில்லை. முதல் தடவை தெரிந்தவரோ என்று திகைத்தாள். பத்தாவது நாள் அவளே முந்திக்கொண்டு தூக்கினாள். இருபத்தேழு வருஷத்தில் சாலையில் யாரும் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. பின்சீட்டில் எவனோ வாந்தி எடுக்க, ஓரம் கட்டியவளுக்கு எல்லோரும் ஹார்ன்தான் அடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் இப்போது எண்ண ஒன்றும் இல்லை, பின்னால் ஓடும் சாலையும் ஆடுகளும்தான். மே மாதத்தில் ஒரு நாள் தனக்குத் தானே பாடிக்கொண்டு போவதைக் கவனித்து நிறுத்திவிட்டாள். பிறகு மறுபடி பாடினாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு டெலிபோன் அடித்தது. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு அந்த நேரம் தெரியும். சனி ஞாயிறுக்குள் பிள்ளையை எங்காவது சேர்த்தாக வேண்டும் என்று அலுவலகம் அலையும் நேரம் அது. எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள்.

"ஒரே ஒரு பொண்ணு, கிளெண்டா," என்றாள் லோர்னா. "ஒன்பது வயசு, கீலின்னு பேர். முப்பது வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். உங்க ஃபைலைப் பாத்தேன். ஒரு சீட் இருக்குன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

இல்லை என்று சொல்லத்தான் அந்தக் காரை வாங்கினாள். யாராவது கேட்டால் இடமில்லை என்று கார் சொல்லும் என்று நம்பினாள். ஒன்று என்று கேட்பார்கள் என்பது தோன்றவே இல்லை. ஒன்பது வயது, பெத்தனி போனபோது இருந்த அதே வயது.

"திங்கட்கிழமை வரைக்கும்தான்," என்றாள்.

பரணில், காரில் பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை இருந்தது. அதையும் அவள் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அலுவலக முற்றத்தில் அந்தப் பெண் கறுப்புக் குப்பைப் பையைக் கட்டிப்பிடித்து நின்றாள். துணிமணி எல்லாம் அதில்தான். இத்தனை வருஷத்தில் இந்தப் பையை மட்டும் யாரும் மாற்றவில்லை என்று கிளெண்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பையை டிக்கியில் வைத்தாள், டிக்கி நிறைந்துவிட்டது. லோர்னா கையசைத்துவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டாள். கீலி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். பிறகு உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவியும் பார்த்தாள்.

"பின்னாடி சீட் இல்லையா?"

"இல்ல கண்ணு. இதுல ரெண்டுதான்."

"அப்ப ஆல்ஃபி எங்க உக்காருவான்?"

"ஆல்ஃபி யாரு?"

"என் தம்பி. உள்ள இருக்கான். அவனுக்கு நாலு வயசு. மடியில வச்சுக்கவா? நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். ஆட விடமாட்டேன்."

கிளெண்டா சாவியிலிருந்து கையை எடுத்தாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாதபடி, அவள் சொல்லி எழுதவைத்த வரிதான் இது.

கீலியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். லோர்னா தலை நிமிரவில்லை. சின்னப் பையன் ஒருவன் ஒரே ஒரு ஷூவோடு நாற்காலியில் இருந்தான்.

"இவனை எங்க அனுப்புற?"

"நாப்பது மைல் தள்ளி. ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்க ஆள் கிடைக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த ஒண்ணையும் எடுத்திருக்க மாட்டீங்க," என்றாள் லோர்னா. "ரெண்டே சீட்டுனு ஃபைல்ல இருக்கு. நீங்க ஏன் அதை வாங்கினீங்கன்னு எனக்குத் தெரியாதா? வற்புறுத்த எனக்கு மனசு வரல."

கிளெண்டா குனிந்து பையனின் மற்றொரு ஷூவை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டாள். அழுதுகொண்டேதான் மாட்டினாள், மறைக்கவில்லை. போன தடவை போல இதுகளும் ஒரு நாள் போகும். தெரிந்துதான் லேஸை முடிந்தாள்.

"ரெண்டு பேரையும் உன் கார்ல ஏத்திக்கிட்டு என் பின்னாடியே வா," என்றாள்.

அன்று இரண்டு சீட் கார் தனியாக முன்னே போனது. நடுக்கண்ணாடியில் லோர்னாவின் விளக்குகள் வருகின்றனவா என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை வந்தது, பிள்ளைகள் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். விலகல் படிவத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினாள். அதே பேப்பர்க்கடைக் கண்ணாடியில் காரை விற்க அட்டை ஒட்டினாள்.

டிசம்பரில் ஒரு இளைஞன் வந்தான். கிளெண்டா அவன் கேட்காமலே ஒரு ஜக் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு துளையிலும் ஊற்றிக் காட்டினாள். இரண்டிலும் நன்றாக ஒழுகியது. பின்னல் ஊசியைக் கொடுத்து எப்படிக் குத்துவது என்று சொல்லித்தந்தாள். எதிரே வருகிறவன் கையைத் தூக்கினால் நீயும் தூக்கு என்றாள். அவன் சந்தேகத்தோடு காரைச் சுற்றி வந்தான்.

"இவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு விக்கிறீங்க? என்ன குறை?"

"ரெண்டு சீட்டுதான் இருக்கு."

"அது வாங்கும்போதே தெரியாதா?"

"தெரியும் கண்ணு," என்றாள் கிளெண்டா, சாவியை அவன் கையில் வைத்தபடி. "அதுக்குத்தான் வாங்கினேன்."