கழுவாத குடலைக் கொண்டுவரச் சொன்னவர்

சலீமின் போன் வந்தபோது தீவன மில்லில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து நானே திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது. இரங்கல் கட்டுரையைப் பதமாக எழுத வேண்டுமாம். என்னால் ஆகாது.

சலீமின் அக்கா டாக்டர் ஜமீலா அவர்களை நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கால்நடை மருத்துவர். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் செத்த கோழிகளை அறுத்து நோய் கண்டு சொன்னவர். அன்பளிப்பாக முட்டை அட்டை கொண்டுபோய் நீட்டினால் திட்டித் திருப்பி அனுப்புவார்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒரு கோடையில் கோழிகள் கழிச்சல் கண்டு விழ ஆரம்பித்தன. பெண் டாக்டராயிற்றே, முகம் சுளிப்பாரே என்று நானே ஒரு கோழியை அறுத்து, குடலை நாலு தண்ணீர் விட்டு அலசி, புதுக் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். பார்த்ததும் அவருக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏனுங்க, கொழம்பு வெக்கறதுக்கா கொண்டாந்தீங்க? நான் பார்க்க வேண்டியதையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டு வந்து நிக்கறீங்க!"

நான் மட்டுமல்ல, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மரியாதை என்று நினைத்து இப்படித்தான் அலசிக்கொண்டு போவோம். மறுநாள் முழுக்கோழியாகக் கொண்டுபோனேன். குடலைப் பிளந்து, கையுறை போட்ட விரலால் உள்பக்கத்தை வழித்துக் காட்டினார்.

"இந்த வழுவழுப்பு அழுக்கில்லைங்க குமரேசு, இதுதான் வேலி. நல்ல கிருமிங்க இதுல குடியிருந்துக்கிட்டு கெட்டதை அண்ட விடாது. ரத்தக்கழிச்சல் வந்தா குடல் பதறிப்போய் இதை அளவில்லாம சொரக்கும். அதையே தின்னு கெட்ட கிருமி ஒண்ணு பெருத்து, கடைசியில குடலையே அரிச்சுப்போடும்."

அன்று எழுதிக் கொடுத்த மருந்தை ஐந்தே நாளில் நிறுத்தச் சொன்னார். பண்ணை பிழைத்தது. ஆனால் நோய் இல்லாத கோழிக்கும் முன்னெச்சரிக்கை என்று தீவனத்தில் மருந்து கலப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "வேலியில இருக்கறதைக் கொன்னுட்டுக் காவலுக்கு யாரை வெப்பீங்க?" என்று பண்ணைக்காரர்கள் கூட்டத்திலேயே எழுந்து கேட்பார். மருந்து விற்பவர்கள் பரிசோதனைக் கூடத்து முதலாளியிடம் புகார் சொன்னார்கள். பண்ணைக்காரர்கள் நாங்கள் 'வழுவழு டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதே வாயால் அவசரத்துக்கு அவரையே கூப்பிடுவேன். ஒருமுறை நோன்பு நாளில், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் என் ஷெட்டில் நின்று பொழுது சாயும்வரை கோழி அறுத்துப் பார்த்தார்.

போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலில் பெரிய காயம். ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். காயம் ஆறி வந்தது, ஆனால் கழிச்சல் பிடித்துக்கொண்டது. நான் பார்க்கப் போன அன்று, வந்த இளம் மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, காயத்துக்குக் குடுக்கற மருந்து என் குடல்ல இருந்த நல்லதையெல்லாம் தொடச்சிருச்சு. அந்த எடத்துல கெட்டது பெருகுதுங்க. அந்த மருந்தை நிறுத்துங்க. மலத்தை டெஸ்டுக்கு அனுப்புங்க. கழிச்சலை நிறுத்தற மாத்திரை வேண்டாம், அது உள்ளயே கட்டிப்போட்டுரும்."

அந்த இளம் மருத்துவர் சிரித்தார். "மேடம், இது கோழி இல்லீங்களே."

"குடல் குடல்தாங்க" என்றார் டாக்டரம்மா.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மருத்துவரின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நானோ பெரிய மனுசனாட்டம் புத்தி சொன்னேன். "விடுங்க டாக்டரம்மா, அவங்க பார்த்துக்குவாங்க. நீங்க பேசாம படுங்க."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இத்தனை கோழி வெச்சிருக்கறீங்க, உங்களுக்குக்கூடவா புரியல?" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை.

கழிச்சலை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்ததும் இன்னும் வீரியமான மருந்தை ஏற்றினார்கள். வயிறு உப்பிய பிறகே மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. சரியான மருந்தை ஆரம்பித்த மறுநாள் காலையில்தான் சலீமின் போன்.

சேலத்தில் மண் போட்டுவிட்டு வந்தேன். போன வாரம் எங்கள் ஆட்கள் நாமக்கல்லில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். 'வழுவழு டாக்டர்' என்று சிரித்தவர்கள் எல்லாம் வரிசையாக மாலை போட்டார்கள். மருந்து விற்பவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான்" என்றார். அடப்பாவிகளா! பழியை ஆண்டவன் தலையில் போடுவதற்கு எப்படி மனசு வருகிறது? பிறகு எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்கள்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் அவர் சொன்ன அத்தனையையும் வரி விடாமல் சத்தமாகச் சொன்னேன். "குமரேசு, மரியாதையில்லாமப் பண்ணாதீங்க, உக்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவரைப் பேசாமல் படுக்கச் சொன்னவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா, அமைதியாக உறங்குங்கள் என்று நான் எழுதமாட்டேன். எங்களைத் திட்டிக்கொண்டே போங்கள். என்னை இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டுங்கள்.