முப்பத்தைந்துக்கு மூன்றில் மரத்த கை

முதலில் மரத்துப்போனது என் வலது கையின் சுண்டுவிரல். அப்போது தொலைக்காட்சியில் எங்கள் ஹூஸ்டன் அணி முப்பத்தைந்துக்கு மூன்று என்று முன்னிலையில் இருந்தது. 1993 ஜனவரியின் முதல் ஞாயிறு, மதியம். என் பக்கவாதம் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது அந்த ஸ்கோரைத் தவிர எங்களிடம் வேறு கணக்கு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் பேச்சிழந்து உட்கார்ந்திருந்தால், இது உங்களுக்காக எழுதுவது. நான் மருத்துவன் அல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியர், அதற்கும் மேலாக ஊரறிந்த வாயாடி. வயது அப்போது முப்பத்தொன்பது. தலைவலியே இல்லையே என்று ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருந்த மகா புத்திசாலி.

ஆராதனை முடிந்ததும் ஏழெட்டுக் குடும்பங்கள் தன்ராஜ் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். பிளே ஆஃப் (தோற்றால் அந்த வருடம் முடிந்தது என்னும் ஆட்டம்). அமெரிக்கக் கால்பந்தை அமெரிக்கா வந்துதான் கற்றோம். ஆனால் பார்க்கும் முறையைக் கிரிக்கெட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தோம். நம் அணி நன்றாக ஆடும்போது யார் எந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ, அப்படியே இருக்கவேண்டும். நான் கம்பளத்தில் வலது கையை ஊன்றிச் சாய்ந்திருந்தேன்.

மூன்றாவது குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று) தொடங்கிச் சில நிமிடம் இருக்கும். “அண்ணே, கை மரத்துப் போச்சு. சோபாவுக்கு வந்துடறேன்” என்று எழுந்தேன்.

“டேய் டேனியல், அசையாத! நீ நகர்ந்தா விக்கெட் விழுந்துரும்” என்று அதட்டினார் தன்ராஜ் அண்ணன்.

இந்த ஆட்டத்தில் விக்கெட்டே கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நிமிடமே எதிரணி ஒரு டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி) போட்டது. அறை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. குற்றவாளி மாதிரி பழைய இடத்துக்கே போய், அதே கையை ஊன்றி உட்கார்ந்தேன். மரத்துப்போனது சாய்ந்து உட்கார்ந்ததால் என்றுதான் நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மிச்சத்தை என் மனைவி கிரேஸ் சொன்னாள். அந்தக் குவார்ட்டரிலேயே எதிரணி மளமளவென்று நான்கு டச்டவுன் போட்டிருக்கிறது. கூடுதல் நேரத்தில் நாங்கள் தோற்றோம். அப்படியொரு தோல்வியை அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. யாருக்கும் பேச்சில்லை. எனக்கும் இல்லை.

“டேனியலே வாயடைச்சுப் போயிட்டான் பாரு” என்றாராம் தன்ராஜ் அண்ணன். ஒருவர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாராம்.

கிரேஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்த டீ என் வலது கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது. “அண்ணே, இது ஷாக் இல்ல. இவர் வாயைப் பாருங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில்தான் அத்தனை பேரும் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பினார்கள்.

அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது தொடங்கியது? கிரேஸுக்குத் தெரியவில்லை. தன்ராஜ் அண்ணன்தான், “தர்ட்டி ஃபைவ் த்ரீ” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாராம். மருத்துவரும் ஹூஸ்டன்காரர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு) என்றார்கள். இப்போது சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பைக் கரைக்கும் ஊசி சிலருக்குப் போடுகிறார்கள். அன்று அது இல்லை. இருந்திருந்தாலும் நான் கையை ஊன்றிக்கொண்டு அணியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தயவுசெய்து, ஒரு பக்கம் திடீரென்று மரத்தால் எழுந்து ஓடுங்கள்.

ஒரு மாதத்தில் கால் நடக்கப் பழகிவிட்டது. கையும் ஏதோ தேறியது. வாய்தான் திறக்கவில்லை. அஃபேசியா (சொல்ல நினைப்பது தெரியும், சொல் வராது). ஆங்கிலம் சுத்தமாக அழிந்துபோயிருந்தது. நான் பயந்தது வேலையை நினைத்தல்ல. என் மகள் ஷெரினுக்குப் பத்து வயது. தமிழ் புரியும், ஆனால் பதில் எல்லாம் ஆங்கிலம். இனி அவளிடம் நான் எதைக் கொண்டு பேசுவேன்?

பேச்சுப் பயிற்சியாளர் சாவி படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் மூன்று வாரம் மன்றாடினார். ஒருநாள் பக்கத்திலிருந்த கிரேஸ் பொறுக்கமாட்டாமல், “என்னங்க, இது என்ன?” என்றாள். “சாவி” என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பயிற்சியாளர், வீட்டில் தினமும் உங்கள் மொழியிலேயே செய்யுங்கள் என்று பட அட்டைகளின் கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

கிரேஸுக்கு வேலை. பள்ளிவிட்டு வந்து அட்டைகளைக் காட்டும் பொறுப்பு ஷெரினுக்கு வந்தது. பாதிச் சொற்கள் அவளுக்கே தெரியாது. அம்மாவிடம் கேட்டு, அட்டையின் பின்புறம் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு மாலை. அட்டைகளை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு, யோசித்து யோசித்துத் தமிழிலேயே சொன்னாள்.

“டாடி... அன்னிக்கு உங்க வாய் கோணலா போனத நான்தான் ஃபர்ஸ்ட் பார்த்தேன். நீங்க என்ன பார்த்து ஏதோ சொன்னீங்க. ஜோக் பண்றீங்கன்னு சிரிச்சேன். யார்கிட்டயும் சொல்லல.”

இரண்டு மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள், பாவி மகள். சொல்லவேண்டியது என்ன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். “சாவி” என்றது வாய். தலையாட்டி மறுத்தேன். மறுபடி திறந்தேன், “கதவு.” அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

இப்போது நான் ஓரளவு பேசுகிறேன். நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கடைக்காரர்களும் நண்பர்களும் அவசரப்பட்டு என் வாக்கியத்தை முடித்துவைப்பார்கள். ஷெரின் மட்டும் முடிக்கமாட்டாள்.

அன்று மாலை நான் சொல்ல நினைத்தது மொத்தம் மூன்று சொல். “உன் தப்பு இல்ல.” அதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று இன்றுவரை தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.