வேட்டித் திரைக்கு இரண்டு பக்கம்

1971 ஜூன் 12, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. கடற்காற்று அன்று உள்ளே வரவேயில்லை. ராயபுரம் முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரும் இரண்டு புதுப் பிரம்பு நாற்காலிகளும் தயாராக இருந்தன. ஃபியூஸ் போய்விடுமோ என்று மூன்றாவது முறையாக மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

எல்லாம் என் மனைவிக்காக. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்குச் சினிமாவில் ஈடுபாடு கிடையாது. நாற்காலியில் மூட்டைப்பூச்சி, வாசலில் நெரிசல், தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்ற யோசனை. இதற்கு நடுவில் கதை எங்கே மனத்தில் நிற்கும்? அவளோ தவக்காலம் தவிர வாரம் ஒரு படம் பார்த்துவிடுவாள். தெருப் பெண்கள் ஐந்தாறு பேரோடு மேட்னிக்குப் போய், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுது சிரித்துவிட்டு வந்து, ராத்திரி எனக்குச் சோறு போட்டபடியே முழுக் கதையையும் சொல்வாள். வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல். நான் கண்ணால் பார்த்த படங்கள் நான்கு. அவள் வாயால் கேட்டவற்றுக்குத்தான் என்னிடமே கணக்கில்லை.

முந்தைய நவம்பரில் குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கோலூன்றி நடக்கிற அளவுக்குத் தேறிய பிறகும் வாசற்படியைத் தாண்ட மறுத்தாள். நொண்டிக்கொண்டு போனால் எல்லோரும் பார்ப்பார்களாம். தெருப் பெண்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். ஏழு மாதம் நான் பேச்சில்லாமல் சாப்பிட்டேன். அந்தக் கதைகள் இல்லாமல் சோறு இறங்குவதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு கொட்டகை வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

புது மிஷின் வாங்கிய ஒரு தொழிலாளர் மன்றம் பழையதை எனக்கு விலைக்குக் கொடுத்தது. மன்றத்து ஆபரேட்டரே வந்து ஓட்டவும் ஒத்துக்கொண்டார். திரையில்தான் தகராறு வந்தது. முன்னறையில் இருந்த ஒரே நல்ல சுவரில் இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தது. அதன்மேல் வேட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்றேன்.

"ஆண்டவர் மூஞ்சி மேல துணியப் போட்டுட்டு டூயட் பாக்கணுமா?" என்றாள். "எதிர்ல கட்டுங்க. அவரும் பாக்கட்டும்."

எதிரில் இருந்தது கொல்லைப்புற வாசல். அதில் ஒரு நாலு முழ வேட்டியை இழுத்து ஆணியடித்தேன். மிஷின் ஆண்டவர் படத்துக்குக் கீழே போயிற்று. வேட்டியில் சினிமா டிரங்குப் பெட்டி மூடி அளவுக்குத்தான் விழுந்தது.

அன்று விளக்கை அணைத்து முதல் ரீலை ஓட்டினோம். நாற்காலியில் கோலை மடிமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாங்க, கொட்டாயில ரெண்டே பேரு கீறோம். படம் ஊத்திக்கிச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் ஒருத்திக்காகத்தான் இவ்வளவும் என்று சொல்ல வாயெடுத்தபோது, பாட்டுச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண் தெருவாசலில் தலையை நீட்டினாள். என் மனைவி அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். கால் மணி நேரத்தில் பழைய மேட்னிக் கூட்டம் மொத்தமும் இடுப்புக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தது. யாரோ நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அவளுக்குச் சுவரோரம் மெத்தையை மடித்துப் போட்டார்கள். நான் நடுவில் நின்றுகொண்டு, ஒயரை மிதிக்க வேண்டாம் என்று எல்லோரையும் எச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"இது பொம்பளைங்க பக்கம்" என்றாள் என் மனைவி. "நீங்க அந்தாண்ட போங்க."

ஆபரேட்டரை மட்டும் இருக்கவிட்டார்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். அங்கே வேட்டியின் பின்பக்கம் பார்க்க அவர்களுடைய புருஷன்மார்கள் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். மெல்லிய துணி என்பதால் படம் இந்தப் பக்கமும் தெரிந்தது, ஆனால் இடவலம் மாறி. கதாநாயகன் விருந்தில் உட்கார்ந்தபோது அடுத்த வீட்டுக்காரர் பக்கத்து ஆளை இடித்தார்.

"பீச்சாங்கையால துன்றான் பாரு மாமு. இவனுக்குப் போயி பொண்ணு குடுக்கறானுங்க."

நாங்கள் சிரித்தோம். அதற்குப் பதில் போல உள்ளேயும் எதற்கோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகளில் எது அவளுடையது என்று எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். நானும் படம் முழுவதையும் பார்த்திருந்தேன். வழக்கத்துக்கு மாறாகக் கதையும் புரிந்திருந்தது.

"பின்னாலேர்ந்து பாத்தவருக்கு இன்னா வெளங்கியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் போட்டாள். "இருங்க, சொல்றேன்."

மாமியார் குரலில் ஆரம்பித்தாள். ஒன்றும் விளங்காதவன் போல 'உம்' கொட்டிக்கொண்டு கேட்டேன்.

மிஷின், பட வாடகை, ஆபரேட்டர் கூலி, வேட்டி, யாருக்கும் பயன்படாத அந்த இரண்டாவது நாற்காலி, இடைவேளையில் இரண்டு பக்கத்துக்கும் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலை, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எழுநூற்று முப்பத்தெட்டு ரூபாய் அறுபது காசு.